தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்

அடுக்குமாடி வீட்டில் மரவேலை தொடங்கும்போது வீட்டுக்காரர் முதலில் செய்வது என்ன? ஏசியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டச் சொல்கிறார். தரை டைல்ஸ் மீது அட்டை விரிக்கச் சொல்கிறார். மரத்தூள் உள்ளே போனால் மெஷின் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதே அறையில் காலை ஒன்பது மணி முதல் இரவு வரை எம்.டி.எஃப். பலகையை அறுத்து, ரூட்டர் ஓட்டி, சாண்டர் பிடிக்கும் இளைஞனின் மூக்குக்குள்ளும் அந்தத் தூள்தான் போகிறது. அவன் முகத்தில் இருப்பது ஒரு கைக்குட்டை. மதியத்துக்குள் அதுவும் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது.

இரவிலும் அவன் அங்கிருந்து வெளியேறுவதில்லை. சென்னையிலும் கோவையிலும் இன்டீரியர் வேலை பார்க்கும் பையன்களில் பலருக்குத் தங்க வேறு இடம் கிடையாது. ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள், நம் தென்காசி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் என எல்லோரும் வேலை நடக்கும் வீட்டிலேயே சமைத்து, சாப்பிட்டு, பிளைவுட் பலகையை விரித்துத் தூங்குகிறார்கள். சாண்டரை நிறுத்திய பிறகும் நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வெளிநாடுகளில் மரத்தூளுக்கு வகுத்திருக்கும் வரம்புகள் எட்டு மணி நேர வேலையை அடிப்படையாகக் கொண்டவை. நாள் முழுக்கத் தூளுக்குள்ளேயே கிடப்பவனை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல அவை.

நான் அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் தச்சுப் பிரிவின் பயிற்றுநர். செங்கோட்டைப் பக்கத்து ஆசாரிக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரைச் சுற்றி மர அறுவை மில்கள்; தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் வெளிநாட்டுத் தடிகள் லாரி லாரியாக வந்து இறங்கும். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் மரம்தான் சோறு போட்டது. இன்று என் மாணவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நேராகப் போவது இந்த மில்களுக்கும் பட்டறைகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும்தான். ஆகவே சொல்கிறேன்: மரத்தூளைத் தொழிலோடு ஒட்டிய சாதாரண அழுக்காக நினைத்து விட்டுவிடக் கூடாது. அது நோய் தரும் பொருள். அதைத் தடுக்கும் வழியும் எட்டாத உயரத்தில் இல்லை.

மரத்துக்கு மரம் தூளின் குணம் மாறும். வாகையை அறுத்தால் தும்மல் நிற்காது. தோதகத்தித் தூள் பட்டு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தடித்துப் போனவர்களை எங்கள் ஊரில் பார்க்கலாம். தேக்கும் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களே இதற்குக் காரணம். மூச்சுக்குழாய் அந்தத் தூளுக்கு ஒருமுறை பகையாகிவிட்டால் ஆஸ்துமா. கனடாவின் மேற்குக் கரையில் செந்தேவதாரு மரம் அறுக்கும் தொழிலாளர்களிடம் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மரத்திலுள்ள பிளிக்காட்டிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்குகிறது. ஆஸ்துமா வந்தவர்களில் பலருக்கு வேலையை விட்ட பிறகும் இழுப்பு நிற்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே புற்றுநோய் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ல் மரத்தூளை முதல் பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகப் போதிய சான்றோடு உறுதியான பொருள்களுக்கான பிரிவு அது. ஆஸ்பெஸ்டாஸும் புகையிலைப் புகையும் அந்தப் பிரிவில்தான் உள்ளன. எம்.டி.எஃப்., பிளைவுட் ஆகியவற்றின் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடும் 2004-ல் அங்கே சேர்ந்தது. இன்டீரியர் வேலை செய்யும் பையன் இரண்டையும் ஒரே மூச்சில் இழுக்கிறான்.

இந்த உண்மை எப்படி வெளியே வந்தது என்பது நமக்குப் பாடம். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்றொரு ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960-களில் அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி, மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோயோடு வருபவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளர்களாக இருப்பதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களும் ஆய்வாளர்களும் அவரோடு சேர்ந்து வேலை விவரங்களைத் திரட்டினார்கள். 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டே பிரிட்டன் அரசு அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி: "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?"

நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்பது யார்? என் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு மரத்தை முகர்ந்தே இனம் சொல்லிவிடுவார். சிறு வயதில் எனக்கு அதுதான் அவர் வைத்த முதல் பரீட்சை. "ஏலே, மோந்து பாத்துச் சொல்லு, இது தேக்கா, வேங்கையா?" என்பார். பிற்காலத்தில் ஒரு பெரிய பட்டறையில் சாண்டிங் வேலையிலேயே பல ஆண்டுகள் இருந்தார். ஒருநாள் நான் கொண்டுபோன வேங்கைத் துண்டை வெகுநேரம் மூக்கில் வைத்திருந்துவிட்டு, "மணமே தெரிய மாட்டேங்குலே" என்று திருப்பிக் கொடுத்தார். மூக்கடைப்பு, ஓயாத சளி, மணம் தெரியாமை என்று மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார். நல்லவேளை, புற்றுநோய் இல்லை; நாள்பட்ட அழற்சி என்றார்கள். அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. மரத்தில் வேலை செய்பவர் என்பதற்கு அந்தச் சீட்டில் ஒரு தடயமும் இல்லை. அப்படியிருக்கும்போது எத்தனை தச்சருக்கு எந்த நோய் வந்தது என்று யாரால் எப்படி எண்ண முடியும்? எண்ணப்படாத நோய்க்கு எந்த அரசு நிதி ஒதுக்கும்?

பட்டறைகளில் இதைப் பேசினால் உடனே வரும் பதில் எனக்கு மனப்பாடம். "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் மரத்துலதான் சார் கெடந்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்விதான். தாத்தா கையில் இருந்தது இழைப்புளி. அதிலிருந்து வருவது சீவல். சுருண்டு காலடியில் விழும். உளி எடுப்பது சில்லு. கைரம்பத்தில் வருவதும் பெரும்பாலும் பருந்தூள்தான். பட்டறை என்பது நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை. பேரன் கையில் இருப்பது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் மெஷின். சாண்டரும் ரூட்டரும் கிளப்பும் தூளில் கணிசமான பகுதி கண்ணுக்கே தெரியாது. பெரிய துகள்கள் மூக்கின் உள்சுவரில் படியும். அங்கே தூசியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைக் காலப்போக்கில் செயலிழக்கச் செய்யும். சிறியவை நுரையீரல் வரை இறங்கும். வேலை நடப்பதோ ஜன்னலை மூடிய பத்துக்குப் பன்னிரண்டு அறையில். தாத்தாவின் தொழிலும் பேரனின் தொழிலும் பெயரளவில்தான் ஒன்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மரத்தூளால் வரும் மூக்குப் புற்றுநோய் தலைகாட்டப் பொதுவாக நாற்பது ஆண்டுகள் வரை ஆகும். ஹை விக்கத்தில் 1960-களில் நோய் கண்டவர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தூளை மூச்சிழுக்கத் தொடங்கியவர்கள். எங்கள் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கை மெஷின்கள் பரவலாக வந்தது, நான் பார்த்தவரை, 1990-களின் கடைசியிலும் 2000-க்குப் பிறகும்தான். அப்படியானால் அதன் முழு விளைவை நாம் இன்னும் பார்க்கவே இல்லை. "எனக்குத் தெரிந்து யாருக்கும் வரவில்லை" என்று இன்று சொல்வதில் நிம்மதிக்கு இடமில்லை. இந்தப் புற்றுநோய் அரிதானது என்பதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணமான அதே தூள் இன்றைக்கே ஏராளமானவர்களுக்கு இழுப்பும் இருமலும் கண்ணெரிச்சலும் தந்துகொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம்? என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடத்துகிறேன். பட்டறையின் ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மாணவனைச் சாண்டர் ஓட்டச் சொல்வேன். அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு நல்ல டார்ச்சை எங்களை நோக்கி அடிப்போம். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த காற்றில், அவன் முகத்தைச் சுற்றி ஒரு மேகம் எழுந்து நிற்கும். மெஷினோடு வரும் துணிப்பையின் இழைகளுக்கு ஊடாகவும் புகையாய்த் தூள் கசிவது தெரியும். ஒருமுறை ஒரு பையன், "சார், இவ்வளவுமா உள்ளே போகுது?" என்று கேட்டுவிட்டு மெஷினை அணைத்துக் கீழே வைத்துவிட்டான். பிறகு சாண்டரின் வாயில் வேக்குவம் குழாயை மாட்டி மறுபடி ஓட்டச் சொல்வோம். மேகம் முழுக்க மறையாது. ஆனால் மிகவும் மெலிந்துவிடும். நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தச் சில நிமிடங்கள் புரியவைத்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல வந்ததே அதுதான். தூள் எங்கே பிறக்கிறதோ அங்கேயே, பிளேடின் பக்கத்திலேயே, அதை உறிஞ்சிவிட வேண்டும். காற்றில் பரவிய பிறகு பிடிப்பது வீண் முயற்சி. கடைகளில் விற்கும் சாண்டர், ரூட்டர், கட்டர் பலவற்றில் இதற்கென்றே ஒரு வாய் இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் அது எதற்கென்றே கேட்டதில்லை. பட்டறைக்கு ஏற்ற வேக்குவம் கிளீனர் பத்து, பதினைந்தாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மரத்தூளுக்கென்றே நுண்வடிகட்டியோடு வருபவை விலை கூடுதல். வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்க வேண்டும். வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்பார்கள். இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் மூடியில் சுழல்பிரிப்பான் ஒன்றைப் பொருத்தி மெஷினுக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் வைத்தால், தூளில் பெரும்பகுதி சுழன்று பக்கெட்டிலேயே விழுந்துவிடும். என் மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பொருத்துகிறார்கள்.

அடுத்தது, சாயங்கால வழக்கம். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் ஏர் கன்னை எடுத்துத் தலையிலும் சட்டையிலும் மேஜையிலும் 'புஸ்' என்று அடித்துத் தூளைப் பறக்கவிடுகிறோம். பிறகு விளக்குமாற்றால் கூட்டி மீண்டும் கிளப்புகிறோம். நாள் முழுக்க அடங்கிக் கிடந்த நுண்தூள் அத்தனையும் அந்தச் சில நிமிடங்களில் மூச்சுக்குள் போகிறது. வேக்குவத்தால் உறிஞ்சலாம், அது இல்லாத இடத்தில் ஈரத்துணியால் துடைக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்வதைப் பட்டறைகளில் அடியோடு நிறுத்த வேண்டும். வெக்கைக்கு வைக்கும் ஃபேனையும் ஆளுக்குப் பின்னாலிருந்து ஜன்னலை நோக்கி வீசும்படி வைக்க வேண்டும்; எதிரே வைத்தால் தூளை முகத்துக்கே திருப்பும்.

தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் கலந்த காய்ந்த நுண்தூளில் பொறி பட்டால் வெடிக்கும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012 ஜனவரியில் பர்ன்ஸ் லேக் ஊரிலும், ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜ் ஊரிலும் இரண்டு அறுவை மில்கள் இப்படித்தான் வெடித்துத் தரைமட்டமாயின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டிலும் சேர்த்து நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உத்தரத்தில் விரற்கடை கனத்துக்குத் தூள் படிந்திருக்க, பக்கத்திலேயே பாலிஷுக்குத் தின்னர் கலக்கும் பட்டறைக்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

முகமூடியைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் நுண்தூளைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்95 வகை வேண்டும். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய் என்று சொல்வது எளிது. நான் போட்டு வேலை செய்து பார்த்திருக்கிறேன், மூச்சு முட்டும். ஆகவே முகமூடியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்ததாக எந்த முதலாளியும் நினைக்கக் கூடாது. தூளை உறிஞ்சிய பிறகும் மிஞ்சுவதற்கு மட்டுமே முகமூடி.

இதெல்லாம் புதிய யோசனையும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆம் பிரிவிலேயே, தூசியை வெளியேற்றும் கருவியை அது பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பொருத்த வேண்டும், அந்த இடத்தை இயன்றவரை மூட வேண்டும் என்று எழுதிவைத்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபது ஆக்கியது. நம் தச்சுப் பட்டறையில் இருப்பது மூன்று பேரோ ஐந்து பேரோ. அடுக்குமாடி வீடு தொழிற்சாலைக் கணக்கில் வரவே வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத் தூளுக்கான வரம்பு 2023 முதல் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம் என்று இறுகிக்கொண்டே போகிறது. இங்கே சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்களின் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தச்சர்களும் உறுப்பினர்கள். கட்டடச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலாகிறது. கல்விக்கும் திருமணத்துக்கும் உதவும் வாரியம், அந்த நிதியில் ஒரு பகுதியை உறிஞ்சும் கருவிகளுக்கு மானியமாகத் தரட்டும். வட்டத்துக்குச் சில கருவிகள் வாங்கி வாடகைக்கு விட்டாலும் நல்லது. செத்த பிறகு குடும்பத்துக்குத் தரும் தொகையைவிட, உயிரோடு இருக்கும்போது மூச்சுக்குத் தரும் தொகை மேலானது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். தச்சர் என்று தெரிந்தால் மேலும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: மூக்கில் ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருக்கிறதா, சளியில் இரத்தம் வருகிறதா, மணம் தெரியாமல் போய்விட்டதா? ஆம் என்பவரை மூக்கு மருத்துவரிடம் அனுப்பட்டும். மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சீட்டில் 'கூலி' என்று எழுதாதீர்கள். 'தச்சர், இத்தனை ஆண்டு' என்று எழுதுங்கள்.

கடைசியாக, வீட்டு வேலைக்கு ஆள் தேடும் உங்களிடம் வருகிறேன். வேலை கொடுப்பவர் நீங்கள். உங்கள் சொல்லுக்கு இருக்கும் பலம் எந்த இன்ஸ்பெக்டரின் சொல்லுக்கும் இல்லை. மாடுலர் கிச்சனுக்கும் அலமாரிகளுக்கும் லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வாங்கும்போது, பிளைவுட் என்ன பிராண்டு, மைக்கா என்ன கனம் என்று விசாரிக்கிறீர்கள். அதோடு, "மெஷினில் தூசி உறிஞ்சும் குழாய் மாட்டித்தான் வேலை நடக்குமா?" என்றும் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவை எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அறுக்கும் வேலையை முடிந்தவரை பால்கனியிலோ மாடியிலோ வைக்கச் சொல்லுங்கள். அறுக்கும் அறையில் அவர்களைப் படுக்கவிடாதீர்கள். தூளில்லாத ஓர் அறையை ஒதுக்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டு அலமாரிக்காக ஒரு தொழிலாளியின் மூச்சு கெட வேண்டியதில்லை.